தளர்ந்த இருதயமும் தளராத பேணுதலும்

(ஆலயத் திருவிழாவையொட்டி மண்டபத்தில் நடைபெற்ற நலவாழ்வுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆலயத்தில் நின்று இருதயத்தைப் பற்றிப் பேசுவது நம் சமயத்திற்குப் புதிதன்று. சேக்கிழார் பெருமான் அருளிய பெரிய புராணத்தில் பூசலார் நாயனாரின் வரலாறு வருகிறது. திருநின்றவூரில் வாழ்ந்த அவ்வடியார், கோயில் கட்டப் பொருள் தேடி அலைந்தும் கிடைக்கப் பெறாமல், கல்லும் மரமும் இன்றித் தம் நெஞ்சினுள்ளேயே சிவபெருமானுக்கு ஒரு கோயில் எழுப்பினார். அடித்தளம் முதல் சிகரம் வரை நாள்தோறும் சிறுகச் சிறுக நினைந்து நினைந்து கட்டிய கோயில் அது. அவர் குடமுழுக்குக்குக் குறித்த அதே நாளில் காஞ்சியில் தாம் எடுத்த கற்றளிக்கும் குடமுழுக்கு நிகழ்த்த எண்ணியிருந்த காடவர் கோமானின் கனவில் இறைவன் தோன்றி, 'நாம் அன்று பூசலாரின் கோயிலுக்குச் செல்கிறோம். உன் விழாவை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்' என்று பணித்தான் என்பது வரலாறு. இன்றும் திருநின்றவூரில் இறைவன் இருதயாலீசுவரர் என்னும் திருப்பெயரோடு எழுந்தருளியிருக்கிறான். இருதய நோயுற்றோர் அங்குச் சென்று வேண்டிக்கொள்வதும் வழக்கில் உள்ளது.

இறைவன் குடியிருக்கும் இடம் என்று நாம் போற்றும் அந்த இருதயம் தளர்ந்துபோனால் என்ன செய்வது என்பதே இன்று எனக்கு அளிக்கப்பட்டுள்ள பொருள். இங்கு அமர்ந்திருப்போரில் சிலருக்கு இந்நோய் இருப்பதையும், இன்னும் பலருக்கு வீட்டில் ஒருவருக்கேனும் இருப்பதையும் நான் அறிவேன். ஆகவே மேடைக்காகப் பேசாமல், உங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசுவதைப் போலவே பேச விரும்புகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். மருத்துவமனையில் 'ஹார்ட் ஃபெயிலியர்' என்று சொல்லக் கேட்டவுடன் குடும்பத்தார் அழத் தொடங்கிவிடுகின்றனர். தேர்வில் ஃபெயில் என்றால் எல்லாம் முடிந்தது என்று நாம் பொருள் கொள்வதைப் போல, இருதயம் நின்றே போய்விட்டது என்று அவர்கள் எண்ணிக்கொள்கின்றனர். இந்நோய்க்கு ஆங்கிலத்தில் வைக்கப்பட்ட பெயரே பாதி அச்சத்திற்குக் காரணம் என்பது என் கருத்து. இருதயத் தளர்ச்சி என்று நான் இதனைக் குறிப்பிடுகிறேன். மாரடைப்பு வேறு, இருதயத் தளர்ச்சி வேறு. மாரடைப்பு என்பது இருதயத் தசைக்குச் செல்லும் இரத்தக் குழாய் திடீரென அடைபடுவது. தளர்ச்சி என்பது உடலின் தேவைக்கு ஏற்ற அளவு இரத்தத்தைச் செலுத்தும் ஆற்றல் இருதயத்திற்குக் குறைந்துபோவது. முன்னது பின்னதற்குக் காரணமாகலாம், இரண்டும் ஒன்றல்ல.

நம் கைமுட்டி அளவே உள்ள இந்த உறுப்பு, ஒரு நாளில் ஏறத்தாழ 100,000 முறை துடிக்கிறது. நாம் வாளா இருக்கும்போதே நிமிடத்திற்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தைச் செலுத்துகிறது. அதன் வலிமையை எக்கோ என்னும் ஒலியலைப் பரிசோதனையால் அளந்து, நூற்றுக்கு இத்தனை என்று மருத்துவர் எழுதித் தருகிறார். அந்தத் தாளில் 30 என்று இருந்தால், 'இருதயத்தில் முப்பது விழுக்காடுதான் உயிர் இருக்கிறது' என்று பலர் புரிந்துகொள்கின்றனர். அது தவறு. இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னுள் நிரம்பிய இரத்தத்தில் எவ்வளவு பங்கை வெளியேற்றுகிறது என்பதற்கான கணக்கே அது. நலமான இருதயமும் முழுவதையும் வெளியேற்றுவதில்லை. நூற்றுக்கு 55 முதல் 70 வரைதான் வெளியேற்றும். 40 அல்லது அதற்குக் கீழ் இறங்கினால் தசை தளர்ந்துவிட்டது என்று கொள்கிறோம். இன்னொரு வகையினரும் உண்டு. அவர்களுடைய எக்கோ எண் சரியாகவே இருக்கும். ஆனால் இருதயச் சுவர் விறைத்து, விரிந்து நிரம்ப இயலாமல் தவிக்கும். முதுமையும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளவர்களிடம், சிறப்பாகப் பெண்களிடம், இவ்வகை மிகுதி.

இருதயம் தளர்ந்தால் கால் ஏன் வீங்குகிறது என்று கேட்போர் உண்டு. இது சுவையான செய்தி. சிறுநீரகத்திற்கு வந்து சேரும் இரத்தம் குறைந்தால், உடலில் எங்கோ காயம் பட்டு இரத்தம் வீணாகிறது என்றே அது எண்ணிக்கொள்கிறது. உடனே உப்பையும் நீரையும் வெளியே விடாமல் தேக்கி வைக்கிறது. இரத்தக் குழாய்களையும் இறுக்குகிறது. காயம் பட்டவனுக்கு இது உயிர் காக்கும் ஏற்பாடு. தளர்ந்த இருதயம் உடையவனுக்கோ, ஏற்கெனவே இழுக்க முடியாத வண்டியில் மேலும் மூட்டை ஏற்றிய கதையாகிவிடுகிறது. தேங்கிய நீர் காலில் இறங்குகிறது, வயிற்றில் சேர்கிறது, நுரையீரலில் கோத்துக்கொள்கிறது. இந்நோய்க்கு இன்று நாம் தரும் மருந்துகளில் பெரும்பாலானவை, உடல் நல்லெண்ணத்தோடு செய்யும் இந்தத் தவற்றைத் தடுத்து நிறுத்துவதற்காகவே உள்ளன.

நம் சமூகத்தில் இந்நோய் எங்கிருந்து வருகிறது? முதற்காரணம் மாரடைப்பு; அடுத்தவை உயர் இரத்த அழுத்தமும், நாம் இனிப்புநீர் என்று அழைக்கும் நீரிழிவும். 2019ஆம் ஆண்டில் மலேசிய சுகாதார அமைச்சு நடத்திய தேசிய சுகாதார ஆய்வில், நாட்டிலுள்ள பெரியவர்களுள் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இனவாரியாகப் பார்த்தபோது இந்தியர்களே முன்னணியில் இருந்தனர். எதில் முன்னணியில் இருக்க வேண்டுமோ அதில் இல்லாமல் இதில் இருக்கிறோமே என்ற வருத்தம் எனக்கு உண்டு. குழந்தைப் பருவத்தில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் கீல்வாதக் காய்ச்சலால் இருதயத்தின் தடுக்கிதழ்கள் சிதைந்து, நடுவயதில் தளர்ச்சியாக முடிவதும் உண்டு.

மதுவையும் இங்குச் சொல்லியாக வேண்டும். தோட்டப்புறங்களில் மலிவாகக் கிடைத்த சம்சு எத்தனை குடும்பங்களைச் சிதைத்தது என்பதை இங்குள்ள மூத்தோருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கல்லீரல் கெடும் என்பது யாவருக்கும் தெரியும். மது இருதயத் தசையையும் நேரடியாகத் தளர்த்தும் என்பது பலருக்குத் தெரியாது. ஆயினும் இவ்வகைத் தளர்ச்சிக்கு ஒரு நற்பேறு உண்டு. அறவே நிறுத்திவிட்டு மருந்தும் உட்கொண்டால், இருதயம் கணிசமாகத் தேறிவிடக்கூடும்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். மகப்பேற்றின் இறுதி மாதத்திலோ, குழந்தை பிறந்த சில மாதங்களுக்குள்ளோ, சில பெண்களுக்கு இருதயம் திடீரெனத் தளர்ந்துவிடுவதுண்டு. பத்தியத்தில் இருக்கும் பெண்ணுக்குக் கால் வீக்கமும் இளைப்பும் இயல்புதானே என்று பாட்டிமார் தைலம் தடவிக் காத்திருக்கும் நாள்களில் நிலைமை முற்றிவிடும். படுத்தால் மூச்சு முட்டுகிறது, எழுந்து உட்கார்ந்தால்தான் ஆறுதலாக இருக்கிறது என்று அப்பெண் சொன்னால், அது பிரசவக் களைப்பு அன்று. அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பொதுவாகவே இந்நோயின் அறிகுறிகளை நாம் வேறு எதற்காவது கணக்கில் எழுதிவிடுகிறோம். படுக்கும்போது ஒரு தலையணை போதாமல் இரண்டு, மூன்று என்று ஏறுவது; நள்ளிரவில் மூச்சுத் திணறி எழுந்து சன்னலோரம் நிற்பது; படுத்தவுடன் வரும் வறட்டு இருமல்; மாலையில் செருப்பு இறுகுவது; சந்தைக்கு நடந்து சென்றவர் பாதி வழியில் நிற்பது. இவற்றை ஆஸ்துமா என்றும், வாயு என்றும், வயதாகிவிட்டது என்றும் சொல்லிக்கொள்கிறோம். வயது என்பது நோயன்று. ஓராண்டுக்கு முன் இயன்ற வேலை இன்று இயலவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். ஓர் இரத்தப் பரிசோதனையும் எக்கோவும் அதனைக் காட்டிவிடும்.

இனி மருத்துவத்திற்கு வருவோம். இந்நோய்க்கான மருத்துவத்தின் வரலாறு ஒரு மூதாட்டியிடமிருந்து தொடங்குகிறது என்றால் வியப்படைவீர்கள். இங்கிலாந்தின் சுரோப்சயர் வட்டாரத்தில், உடல் முழுதும் நீர் கோத்து வீங்கியவர்களுக்கு ஒரு மூதாட்டி கைமருந்து கொடுத்து வந்தார். மருத்துவர்கள் கைவிட்டவர்கள் கூட அதனால் தேறினர். இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் கலந்த அந்தக் கலவை, 1775ஆம் ஆண்டில் வில்லியம் விதரிங் என்னும் மருத்துவரின் பார்வைக்கு வந்தது. அவற்றுள் ஃபாக்சுகிளவ் என்னும் செடியே செயல்படுகிறது என்று கண்டறிந்து, பத்தாண்டுகள் நோயாளிகளிடம் அளவு பார்த்துப் பார்த்துக் கொடுத்து, 1785இல் அவர் ஒரு நூலை வெளியிட்டார். இன்றும் சிலருக்கு நாம் சிறிய அளவில் கொடுக்கும் டிகாக்சின் மாத்திரை அந்தச் செடியின் இனத்திலிருந்து வந்ததே. நாட்டு மருந்தை நான் ஏளனம் செய்பவன் அல்லன் என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அளவு சற்று மிகுந்தால் அதே செடி உயிரைக் கொன்றுவிடும். விதரிங் செய்த பெருந்தொண்டு மூலிகையைக் கண்டது மட்டுமன்று, அளவைக் கண்டதுமாகும்.

அதன்பின் நீண்ட காலம் வேறு வழியில்லாமலே இருந்தது. வாரக்கணக்கில் படுக்கையிலேயே கிடத்துவதே மருத்துவமாகக் கருதப்பட்டது. 1960களில் ஃபுரோசமைட் வந்தது. நாம் 'தண்ணீர் மாத்திரை' என்கிறோமே, அதுதான். வீக்கம் வடிந்தது, மூச்சு சீரானது, ஆனால் ஆயுள் நீண்டதாகச் சான்று கிட்டவில்லை. 1987ஆம் ஆண்டில்தான் பெருந்திருப்பம் நிகழ்ந்தது. நார்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளில் மிக முற்றிய நிலையில் இருந்த 253 நோயாளிகளிடம் எனாலாபிரில் என்னும் மாத்திரை சோதிக்கப்பட்டது. ஆறு மாதத்திற்குள், வெற்று மாத்திரை பெற்றவர்களில் நூற்றுக்கு 44 பேர் மாண்டனர். மருந்து பெற்றவர்களில் 26 பேர். தளர்ந்த இருதயத்தின் விதியை மாத்திரையால் மாற்ற இயலும் என்று உலகம் அறிந்துகொண்டது.

அடுத்தது இன்னும் வியப்பானது. இருதயத் துடிப்பைத் தணிக்கும் மருந்துகளைத் தளர்ந்த இருதயத்திற்குக் கொடுக்கவே கூடாது என்று மருத்துவக் கல்லூரிகளில் கற்பித்து வந்தனர். களைத்த குதிரையைச் சாட்டையால் அடித்து ஓட்டுவதே முறை என்று எண்ணிய காலம் அது. சுவீடனைச் சேர்ந்த ஃபின் வாக்ஸ்டைன் என்னும் மருத்துவர், அக்குதிரைக்கு ஓய்வல்லவா வேண்டும் என்று கருதி, ஏழே நோயாளிகளுக்கு அம்மருந்தைக் கொடுத்து 1975இல் தம் முடிவுகளை வெளியிட்டார். பலர் நம்பவில்லை. ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்து, 1999இல் வெளிவந்த இரண்டு பேராய்வுகள் ஒவ்வொன்றிலும், இவ்வகை மருந்து இறப்பை நூற்றுக்கு 34 பங்கு குறைத்தது என்பது உறுதியாயிற்று. பிசோபிரோலோல், கார்வெடிலோல் என்று உங்கள் மருந்துப் பையில் இருப்பவை இவ்வகையினவே. அதே ஆண்டில் ஸ்பைரோனோலாக்டோன் என்னும் பழைய மாத்திரையும் உயிர் காக்கும் என்று நிறுவப்பட்டது. 2019இல், நீரிழிவுக்காக உருவாக்கப்பட்ட டாபாக்ளிஃப்ளோசின், நீரிழிவு இல்லாத இருதய நோயாளிக்கும் நன்மை தருவது கண்டறியப்பட்டது. 'எனக்கு இனிப்புநீர் இல்லையே, ஏன் இந்த மாத்திரை?' என்று கேட்டுவிட்டு அதைக் குப்பையில் எறிந்துவிடாதீர்கள்.

ஆக, தசை தளர்ந்த இருதயத்திற்கு இன்று நான்கு வகை மருந்துகள் நாற்கால் மண்டபத்தின் தூண்களைப் போல நிற்கின்றன. தண்ணீர் மாத்திரை அம்மண்டபத்தில் தேங்கும் நீரை இறைத்து வெளியேற்றுவது. தேவைக்கேற்பக் கூட்டலாம், குறைக்கலாம். தூண்களை அப்படி அசைக்கக் கூடாது. தொடக்கத்தில் மிகச் சிறிய அளவில் கொடுத்து, இரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் பார்த்து, சில வாரங்களில் அளவை உயர்த்துவதே முறை. ஆகவே மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் ஓரிரு மாதங்களில் கொடுக்கப்படும் மருத்துவச் சந்திப்பு நாள்களைத் தவறவே விடாதீர்கள். 'இப்போதுதானே போய்வந்தோம்' என்று நீங்கள் தள்ளிப்போடும் அந்த நாளில்தான் மருந்தின் அளவு உயர்த்தப்பட வேண்டியிருக்கும்.

இப்போது இந்த உரையில் நான் மிகவும் சொல்ல விரும்பியதற்கு வந்துவிட்டேன்.

மருந்து வேலை செய்கிறது. மூச்சு சீராகிறது, வீக்கம் வடிகிறது, எக்கோவில் 25 என்று இருந்தது 50, 55 என்று உயர்கிறது. வீட்டில் மகிழ்ச்சி. அம்பாளுக்கு வேண்டிக்கொண்டதை நிறைவேற்றப் பால்குடம் எடுக்கிறார்கள். அதுவரை யாவும் சரியே. அதன்பின், 'தாய் குணப்படுத்திவிட்டாள். இனியும் மாத்திரை உட்கொண்டால் அவளை நம்பாததைப் போல் ஆகிவிடும்' என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இதனைப் பக்தியின் மிகுதி என்று நினைத்துச் செய்கிறார்கள். சில மாதங்களில் அதே நோயாளியை மீண்டும் சக்கர நாற்காலியில் அழைத்து வருகிறார்கள். நான் இதைப் பலமுறை கண்டுவிட்டேன்.

தேறியவர் மருந்தை நிறுத்தலாமா என்பதை இலண்டன் மருத்துவர்கள் முறைப்படி சோதித்து, 2018ஆம் ஆண்டின் இறுதியில் முடிவை வெளியிட்டனர். இருதயம் விரிந்து தளர்ந்து, பின்னர் மருந்தால் முற்றிலும் தேறி, எந்தத் தொல்லையும் இல்லாமல் எக்கோவிலும் நல்ல எண்ணைக் காட்டிய 51 பேர் அதில் பங்கேற்றனர். அவர்களுள் 25 பேருக்கு மருத்துவர்களின் கண்காணிப்பிலேயே படிப்படியாக மருந்து நிறுத்தப்பட்டது. ஆறு மாதத்திற்குள் அந்த 25 பேரில் 11 பேருக்கு நோய் திரும்பிவிட்டது. மருந்தைத் தொடர்ந்த 26 பேரில் ஒருவருக்கும் திரும்பவில்லை. மருத்துவர் பார்த்துப் பார்த்து நிறுத்தியபோதே இந்த நிலை என்றால், நாமாக ஒரே நாளில் நிறுத்தினால் என்னவாகும்? தேறிய இருதயம் நோய் நீங்கிய இருதயம் அன்று; மருந்தின் துணையால் நிமிர்ந்து நிற்கும் இருதயம். அம்பாளின் கருணை மாத்திரையின் வடிவில் வரக்கூடாது என்று எந்தச் சாத்திரம் சொல்கிறது?

விரதத்தைக் கலைக்காதவை என்று எட்டினை எண்ணிச் சொல்லும் பழைய வடமொழி வாக்கு ஒன்று உண்டு. நீரும் கனியும் பாலும் இடம்பெறும் அந்த வரிசையில் மருந்தும் இருக்கிறது. ஆகவே காலைப் பூசை முடியும்வரை வாயில் எதுவும் படக்கூடாது என்று மாத்திரையை விடுவோர் அந்தக் கவலையை விட்டுவிடலாம். ஆனால் விரதம் தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். உண்ணாமலும் அருந்தாமலும் வெயிலில் நிற்கும் நாளில் தண்ணீர் மாத்திரையை வழக்கம்போல் உட்கொண்டால் மயக்கம் வரலாம். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் ஆகியவற்றை உட்கொண்டு நெடுநேரம் பட்டினி கிடந்தால் இரத்தத்தில் அமிலம் பெருகும் ஆபத்து உண்டு. நீரிழிவு உள்ளவர் மேலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்ட நாள்களிலும் இவற்றைச் சற்று நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். எதை, எத்தனை நாள் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

காவடியைப் பற்றியும் கேட்கிறார்கள். பத்துமலையின் 272 படிகள் நலமானவரையே மூச்சு வாங்கச் செய்வன. மருந்தால் தேறி, வீட்டருகே தடையின்றி நடந்து, இரண்டு மாடி ஏறினாலும் இளைக்காதவர், மருத்துவரின் இசைவோடு விடியலின் குளிர்ச்சியில் மெல்ல ஏறலாம். இன்னும் கால் வீங்கியிருப்பவர் அடிவாரத்திலேயே முருகனை வணங்குவதுதான் முறை. செயற்கைத் தடுக்கிதழ் பொருத்தப்பட்டவர்களும், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மருந்தை உட்கொள்வோரும் அலகு குத்திக்கொள்ளலாகாது. முன்னவருக்குக் கிருமி இருதயத்தில் குடிபுகும். பின்னவருக்கு இரத்தம் நிற்காது. நேர்ந்துகொண்டது நேர்ந்துகொண்டதுதானே என்று தயங்குவோர், தம் வேண்டுதலை மகனோ மகளோ ஏற்றுச் செய்வது நம் வழக்கத்தில் உள்ளதா இல்லையா என்பதை நம் குருக்களிடமே கேட்டறியலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவற்றுள் தலையாயது, ஓர் எடைக் கருவி வாங்குவது. நாள்தோறும் காலையில் சிறுநீர் கழித்தபின், எதுவும் உண்ணுமுன், ஏறக்குறைய அதே உடையில் நின்று எடையைப் பார்த்து நாட்காட்டியில் எழுதிவையுங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது கொழுப்பன்று, நீர். கால் வீங்குவதற்கு முன்பே, மூச்சு முட்டுவதற்கு முன்பே எடை சொல்லிவிடும். அன்றே கிளினிக்கை அழையுங்கள். காத்திருந்து காத்திருந்து நள்ளிரவில் 999ஐ அழைப்பதைவிட இது எளிது. மூச்சு முட்டிப் படுக்கவே இயலாத நிலையிலோ, நெஞ்சு வலியோடு வியர்க்கும் நிலையிலோ மட்டும் எடையைப் பார்த்துக்கொண்டிராமல் உடனே அவசர வண்டியை அழைக்க வேண்டும்.

உப்பைப் பற்றிச் சொன்னால் நம் மக்கள் முகம் சுளிப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, உட்கொள்ளச் சொல்கிறது. 2017, 2018ஆம் ஆண்டுகளில் நடந்த ஆய்வில் மலேசியப் பெரியவர்கள் சராசரியாக 7.9 கிராம் உட்கொள்வது தெரியவந்தது. குழம்பில் இடும் உப்பை மட்டும் குறைத்துவிட்டு, ஊறுகாயும் அப்பளமும் மோர் மிளகாயும் கருவாடும் இலையில் வைத்துக்கொண்டால் பயனில்லை. இக்கான் பிலிஸ், பெலாச்சான், சோயா சாஸ், உடனடி மீ ஆகியவற்றில் உப்பு ஒளிந்திருக்கிறது. புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், கொத்தமல்லி ஆகியவை இருக்கும் நம் சமையலறையில் உப்பைக் குறைத்தும் சுவையாகச் சமைக்க இயலும். நாக்குப் பழகச் சில வாரங்கள் பிடிக்கும், அவ்வளவே. கடையில் விற்கும் 'குறைந்த சோடிய' மாற்று உப்பை மட்டும் மருத்துவரைக் கேளாமல் வாங்காதீர்கள். அதில் சோடியத்திற்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்க்கப்பட்டிருக்கும். பெரிண்டோபிரிலும் ஸ்பைரோனோலாக்டோனும் உட்கொள்வோருக்கு ஏற்கெனவே பொட்டாசியம் கூடும். அது மிகுந்தால் இருதயத் துடிப்பே தடுமாறும். நாள்தோறும் இளநீர் அருந்துவோரும் இதைக் கவனிக்க வேண்டும்.

மூட்டுவலிக்காகத் தாமாகவே வாங்கி உட்கொள்ளும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் இந்நோயாளிகளுக்குப் பகைவர்கள். சிறுநீரகத்தைத் தடுத்து நீரைத் தேக்கிவிடும். நன்றாக இருந்தவர் திடீரென வீங்கி வந்தால் நான் முதலில் கேட்பது, 'முழங்கால் வலிக்கு என்ன சாப்பிட்டீர்கள்?' என்பதே. பாரசிட்டமால் பொதுவாக ஏற்றது. ஆனால் நீரில் நுரைத்துக் கரையும் வகையில் சோடியம் மிகுதி. வலிக்கு உடனே பலன் தரும் பெயர் தெரியாத சூரணங்களிலும் ஜாமுகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்து எச்சரித்திருக்கிறது. பதிவு பெற்ற மருந்துகளின் உறையில் 'மால்' என்று தொடங்கும் பதிவெண் இருக்கும். அது இல்லாததைத் தொடாதீர்கள். தேவாரம் பாடும் அன்பர்கள் குரலுக்காக வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரத்தையும் இங்குக் குறிப்பிட வேண்டும். என்றோ ஒரு நாள் சிறு துண்டு தீங்கில்லை. நாள்தோறும் மென்றால் அது உப்பையும் நீரையும் தேக்கி இரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும்.

மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வாய் திறந்து சொல்லுங்கள். பெரிண்டோபிரிலால் வறட்டிருமல் வரும். மாற்று மருந்து உண்டு. ஸ்பைரோனோலாக்டோனால் சில ஆண்களுக்கு மார்பு தடித்து வலிக்கும். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் மருந்தை விட்டுவிடுகிறார்கள். அதற்கும் மாற்று உண்டு. மருத்துவரிடம் வெட்கம் வேண்டாம்.

நடக்கலாம், நடக்கவும் வேண்டும். படுக்கையில் கிடத்திய காலம் மலையேறிவிட்டது. பேசிக்கொண்டே நடக்கும் வேகம் போதும். சளிக்காய்ச்சல் தடுப்பூசியையும் ஆண்டுதோறும் போட்டுக்கொள்ளுங்கள்.

மருந்தால் மட்டும் ஆகாத நிலையில், துடிப்பைச் சீராக்கும் கருவிகளும் அறுவை மருத்துவமும் நம் நாட்டிலேயே உள்ளன. 1992இல் தோற்றுவிக்கப்பட்ட தேசிய இருதயக் கழகத்தில், 1997இல் நாட்டின் முதல் இருதய மாற்று அறுவை நிகழ்ந்தது. ஆனால் கொடுப்பவர் இருந்தால்தானே பெறுபவர் பெறலாம்? உறுப்பு தானத்தைப் பற்றி நம் ஆலயங்களில் தனியே ஒரு கூட்டம் நடத்த வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

எல்லாவற்றையும் செய்தும் மேலும் மேலும் தளரும் இருதயங்களும் உண்டு என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. அந்நிலையில் மூச்சுத் திணறலைத் தணித்து, வலியின்றி வைத்துக்கொள்ளும் மருத்துவம் இருக்கிறது. அந்த நோயாளி எங்கே இருக்க விரும்புகிறார், என்ன வேண்டாம் என்கிறார் என்பதை அவர் பேசும் நிலையில் இருக்கும்போதே பிள்ளைகள் அமர்ந்து கேட்க வேண்டும். அபசகுனம் என்று ஒதுக்கிவிட்டு, பிறகு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்று அண்ணனும் தம்பியும் வழக்காடுவதை நான் கண்டிருக்கிறேன்.

நிர்வாகக் குழுவினருக்கு இரண்டு சிறு விண்ணப்பங்கள். அன்னதானத்தில் ஊறுகாயையும் அப்பளத்தையும் எல்லா இலையிலும் முன்கூட்டியே வைக்காமல், கேட்டவர்க்கு மட்டும் பரிமாறுங்கள். சாம்பாரில் உப்பைச் சற்றுக் குறைத்து, வேண்டுவோர் போட்டுக்கொள்ளட்டும். தேர் வரும் நாளில் வரிசையில் நிற்கும் முதியோருக்கு நிழலில் இருபது நாற்காலிகள் போட்டு வையுங்கள்.

இக்கூட்டம் முடிந்ததும், நோயாளிகளும் அவர்களுடைய வீட்டாரும் மண்டபத்தின் வலப்பக்கம் வரலாம். எடைக் கருவி அங்கு இருக்கிறது. உங்கள் இன்றைய எடையை ஒரு சீட்டில் எழுதித் தருவார்கள். அடுத்த முறை கிளினிக்கிற்குச் செல்லும்போது அந்தச் சீட்டையும், வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்தும் வலி மாத்திரையும் உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.